மறு: லைக்கனுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

அனுப்புநர்: தண்டையார்பேட்டை

அன்புள்ள குழுவினருக்கு,

நாலு நாளாக எல்லா மடல்களையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அச்சகத்தில் முகூர்த்த மாத வேலை, பத்திரிகைப் புரூஃப் குவிந்து கிடந்தது. இன்று ஞாயிறு, உட்கார்ந்துவிட்டேன். மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு எங்கெங்கோ போய்விட்டதால் மணலி டீச்சர் முதலில் கேட்டதை மறுபடி ஒட்டுகிறேன். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் கூட்டுயிர்.)

> பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு பலகை எழுதுகிறோம். தலைப்பு: "குளிர்ந்த மலைக்காட்டில் மரப்பட்டை மேல் வாழும் லைக்கன்". எடுத்துக்கொண்ட இனம் நம் வீட்டு மசாலா டப்பாவில் இருக்கிற கல்பாசிதான். லைக்கன் என்று கரும்பலகையில் எழுதியதுமே ஒரு பையன் "டீச்சர், லைக் போடுறதா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்துவிட்டது. நல்ல தமிழ்ச் சொல் ஒன்று கொடுங்களேன். பெயின்டர் வெள்ளிக்கிழமை வருகிறார்.

இதற்கு இதுவரை வந்தவை: ராயபுரம் ஐயா "பூஞ்சைப்பாசி" என்றார். வியாசர்பாடி அக்கா "மரப்பசலை" என்றார். பெரம்பூர் தம்பி, பாடப்புத்தகத்திலேயே லைக்கன் என்றுதானே இருக்கிறது, அதையே வைத்துக்கொண்டு போவோம் என்றார். திருவொற்றியூர்க்காரர் இருக்கிற "கல்பாசி"யையே மொத்த வகைக்கும் பெயராக்கிவிடலாம் என்றார்.

கடைசியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. ஒரு நோன்பு மாதத்தில் மண்ணடிப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் பிரியாணிக்குக் கல்பாசி ஐம்பது கிராம் கேட்டேன். கூட்டம். கடைப் பையன் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். வீட்டில் பிரித்தால் வெள்ளைவெளேரென்று நூல் நூலாகக் கிடக்கிறது. கடல்பாசி! நோன்பு திறக்க ஜெல்லி காய்ச்சுவார்களே, அது. அந்த மாதம் முழுக்க அவனிடம் எல்லாரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள், அவன் காதிலும் அதுதான் விழுந்திருக்கிறது. "இதைப் போட்டால் பிரியாணியைக் கத்தியால் வெட்டித்தான் பரிமாறணும்" என்றாள் வீட்டுக்காரி. ஓர் எழுத்து நடுவில் வந்தால் கடலில் வளரும் பாசி, விட்டால் மலையில் வளரும் பாசி. உறவு என்று பார்த்தால் இரண்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

மறுநாள் சரியான பொட்டலம் வாங்கி வந்து செய்தித்தாளில் கொட்டிப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள், டப்பாவில் இருப்பதுதானே. மேல்பக்கம் சாம்பல் நிறம். திருப்பினால் கன்னங்கரேல், ஓரத்தில் மட்டும் ஒரு பழுப்புக் கரை. விளிம்புகள் அலை அலையாகச் சுருண்டு, கசக்கிய காகிதம் மாதிரி. நண்பர் ஒருவர் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர், அவர் கண்ணில் மாட்டும் லென்ஸை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். சில மடல்களின் விளிம்பில் கோலமாவு சிந்தியது போல வெள்ளைத் தூள். அந்தத் தூள்தான் அதன் விதை மாதிரி வேலை செய்கிறது; ஒவ்வொரு துகளிலும் கொஞ்சம் பாசிச் செல், அதைச் சுற்றிப் பூஞ்சை இழை. காற்றிலோ மழைத்துளியிலோ போய் இன்னொரு கிளையில் விழுந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே குடியேறிவிடலாம். தனிக்குடித்தனம், துணை தேடல் என்ற தொல்லை எல்லாம் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்த ஐம்பது கிராமில் கல் ஒன்று கூட இல்லை. இருந்ததெல்லாம் மரப்பட்டைச் செதிள். சுள்ளித் துண்டு இரண்டு, நகக்கண் அளவு பட்டைத் துணுக்கு ஏழெட்டு. ஒரு துணுக்கைப் பிடித்து இழுத்தால் மடல் கிழிகிறதே ஒழியப் பட்டையை விடுவதாக இல்லை. கல்பாசி என்று விற்பது பெரும்பாலும் மரத்தில் சுரண்டி எடுத்ததுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பாறையிலும் வளரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் இமயமலையின் மிதமான உயரங்களிலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பனியும் மூடுமேகமும் தங்குகிற காடுகளில் இதற்கு முதல் வீடு மரப்பட்டைதான்.

இந்தக் "கல்" நம் ஊர்த் தவறு மட்டும் இல்லை என்பது ஓர் ஆறுதல். மராத்திக்காரர் தகட் பூல் என்கிறார், தெலுங்கில் ராதி புவ்வு, கன்னடத்தில் கல்லு ஹூவு. எல்லாம் கல்லுப் பூ. வடமொழி வைத்திய நூல்களில் சைலேயம், அதாவது மலைக்கல்லில் பிறந்தது. எல்லாரும் கல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த சொல்லில்தான் நாம் பிரிகிறோம்: அவர்களுக்கு அது பூ, நமக்குப் பாசி.

அதனால் என் முதல் கருத்து: கல்பாசி இந்த ஓர் இனத்துக்கு (பார்மோட்ரீமா பெர்லேட்டம், கூடவே அதோடு கலந்து விற்கப்படும் அதன் பங்காளிகளுக்கும்) கடைப்பெயராக இருக்கட்டும். அதை யாராலும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். உலகம் முழுக்கச் சுமார் 20,000 இனங்கள் உள்ள ஒரு பெரிய கூட்டத்துக்கு அதைப் பொதுப்பெயர் ஆக்கினால், "மரப்பட்டையில் வாழும் கல்பாசி" என்று எழுத வேண்டி வரும். அதைப் பலகையில் எழுதி டீச்சர் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

இப்போது ராயபுரம் ஐயாவின் பூஞ்சைப்பாசி. ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் சொல் ரொம்பச் சரியான சொல். எனக்குப் பயமே அது சரியாக இருப்பதுதான். இப்படி யோசித்துப் பாருங்கள். 1753-இல் உயிரினங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய லின்னேயஸ் இவற்றையெல்லாம் "லைக்கன்" என்ற ஒரே பேரினத்தில் போட்டு ஆல்காக்களோடு உட்கார வைத்தார். அன்றைக்கு நம்மைக் கேட்டிருந்தால் வெறும் பாசி என்று பெயர் வைத்திருப்போம். நம் கல்பாசிக்கே 1762-இல் வில்லியம் ஹட்சன் என்ற ஆங்கிலேயர் லைக்கன் பெர்லேட்டஸ் என்று பெயர் சூட்டினார். அவர் பார்த்தது இங்கிலாந்துச் சரக்கு, நம் செட்டிநாட்டுக் குழம்பு அவருக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. நூறு வருடம் கழித்து, 1867-இல் சுவிட்சர்லாந்துக்காரர் சைமன் ஷ்வெண்டனர் எழுந்து, இது ஒரு செடியே இல்லை, பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டு என்றார். பூஞ்சை எஜமான், பாசி அதனிடம் சிறைப்பட்ட அடிமை என்று உவமையும் சொன்னார். துறையின் பெரிய தலைகள் அவர் மேல் பாய்ந்தார்கள். பிறகு அவர் சொன்னதுதான் நின்றது, அடிமை என்ற உவமை மட்டும் போய்க் கூட்டுவாழ்வு என்ற கருத்து வந்தது.

சரி, அதோடு முடிந்ததா? 2016-இல் இன்னொரு ஆய்வு, பல லைக்கன்களின் மேல்தோலில் வேறொரு குலத்தைச் சேர்ந்த ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் குடியிருக்கிறது என்று காட்டியது. சிலவற்றில் பச்சைப் பாசிக்குப் பதில் நீலப்பச்சை பாக்டீரியா. சிலவற்றில் இரண்டும் உண்டு. வீட்டில் எத்தனை பேர் என்று குடும்ப அட்டையில் பெயர் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். இந்த நிலையில் நாம் பெயருக்குள்ளேயே ஆள் கணக்கைத் திணித்தால், "பூஞ்சை ஈஸ்ட் பாக்டீரியாப் பாசி" என்று வால் நீளும். இன்னொரு வேடிக்கை: பெயரிடும் விதிப்படி ஒரு லைக்கனுக்கு வைக்கிற அறிவியல் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கு மட்டும்தான் சொந்தம். பாசிக்குத் தனிப்பெயர், நம் கல்பாசிக்குள் இருப்பது ட்ரெபூக்சியா. ஆக அறிவியலே பெயரில் கூட்டணியைக் காட்டவில்லை. பார்மோட்ரீமாவில் வருகிற ட்ரீமா கிரேக்கத்தில் துளை; பார்த்ததைத்தான் பெயராக்கியிருக்கிறார்கள்.

என் கட்சி இதுதான்: கண்ணுக்குத் தெரிவதையும் கைக்குத் தட்டுப்படுவதையும் வைத்துப் பெயர் வைப்போம். அதன் உள்விவகாரம் பாடத்தின் வேலை.

"லைக்கன்" என்ற கிரேக்கச் சொல்லும் அப்படிப் பிறந்ததுதான். நக்குதல் என்ற வேரோடு அதைச் சேர்ப்பார்கள். மேலே மேலே பரவுகிற தோல் படைக்கும் கிரேக்கர்கள் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். இன்றும் தோல் மருத்துவர் ஒருவகைத் தடிப்புக்கு லைக்கன் பிளேனஸ் என்றுதான் சீட்டில் எழுதுவார். மரத்தின் தோலில் பரவுவதும் மனிதத் தோலில் பரவுவதும் ஒரே சொல்.

இங்கேதான் வியாசர்பாடி அக்கா அசத்திவிட்டார். அவர் எழுதியது:

> குறுந்தொகை 399-ஆம் பாட்டில் பரணர் பசலையை, அதாவது பிரிவில் பெண்ணின் மேனியில் படரும் வெளிறலை, பாசிக்கு ஒப்பிடுகிறார். ஊர் மக்கள் தண்ணீர் எடுக்கும் கேணியில் பாசி, தொடத் தொட விலகும், விட விடப் பரவும். காதலன் கை பட்டால் பசலையும் அப்படி. தோலில் பரவுவதையும் பாசியையும் சேர்த்துப் பார்த்தது கிரேக்கர் மட்டும் இல்லை, நம்மவரும்தான். அதனால் மரப்பசலை.

அக்கா, படித்தவுடன் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு மணி நேரம் அந்தச் சொல்லிலேயே இருந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தென்னை இருக்கிறது, அதன் தண்டில் வெளுத்த வட்டங்கள், சில ஒன்றோடொன்று முட்டி எல்லை போட்டு நிற்கும். என் அத்தை அதைப் பார்த்து "மரத்துக்குத் தேமல் போட்டிருக்கு" என்பார். தேமல், பசலை எல்லாம் ஒரே வழிதான்.

ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று சில்லறை விஷயம்: பசலை என்றதும் வடசென்னையில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கீரை ஞாபகம்தான் வரும். இரண்டாவது பெரியது. பரணரின் பாசி தொட்டால் விலகும். இது விலகவே விலகாது. அந்தப் பட்டைத் துணுக்கை இழுத்துப் பார்த்தேன் என்றேனே. கறுப்பு அடிப்பக்கத்திலிருந்து இழை இழையாக இறங்கிப் பட்டையைக் கவ்விப் பிடித்திருக்கிறது. கேணிப் பாசியின் குணம் வழுக்குவது, இதன் குணம் பற்றிக்கொள்வது. அப்புறம், பசலை, தேமல் இரண்டுமே நோய் என்ற வாடை அடிக்கிற சொற்கள். பிள்ளைகள் கேட்டதும், மரத்துக்கு ஏதோ வந்துவிட்டது, சுரண்டிவிட வேண்டும் என்று நினைப்பார்கள். உண்மையில் இது மரத்திடம் ஒரு வாய்ச் சோறு கூட வாங்குவதில்லை. இருக்க இடம், அவ்வளவுதான். சோறு உள்ளே இருக்கும் பாசி வெயிலில் சமைக்கிறது, தண்ணீர் மழையும் பனியும் கொடுக்கிறது.

இதே காரணத்தால் பாடப்புத்தகத்துத் "தொற்றுத்தாவரம்" (மரத்தின் மேல் வளரும் செடி) பாணியில் "தொற்றுப்பாசி" என்று ஒருவர் சொன்னதையும் தள்ளுகிறேன். 2020-க்கு அப்புறம் தொற்று என்றால் முகக்கவசம்தான் நினைவுக்கு வருகிறது.

அப்படியானால் என்ன சொல்? அந்தக் கல்பாசியை ஒரு கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். போடும்போது அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. இரண்டு நிமிடம் போனதும் துவண்டுவிட்டது, விரலில் வைத்தால் நனைந்த தோல் மாதிரி மடங்குகிறது. சாம்பல் மேல்புறத்துக்குக் கீழிருந்து மங்கலாக ஒரு பச்சை எட்டிப் பார்த்தது. கடைச்சரக்கு, எத்தனை மாதம் மூட்டையில் இருந்ததோ. உயிரோடு மரத்தில் இருப்பதில் இந்த மாற்றம் இன்னும் பளிச்சென்று தெரியும்: மேல்தோல் நனைந்ததும் கண்ணாடி போலாகி உள்ளே இருக்கும் பாசி அடுக்கின் பச்சையைக் காட்டிவிடும். வெயில் வந்தால் காய்ந்து உறங்கும், ஈரம் பட்டால் விழித்து வேலையைத் தொடங்கும். வேர் இல்லை, தண்ணீரைச் சேமிக்க வழி இல்லை, மேலே மெழுகுப் பூச்சும் இல்லை. வருவதை வாங்கிக்கொள்ளும், போனால் காய்ந்து கிடக்கும்.

காய்ந்து செதிளாக ஒட்டிக்கொண்டிருப்பதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: பொருக்கு. புண் ஆறும்போது பொருக்குத் தட்டுகிறது என்போம். பானை அடியில் காய்ந்த சோறு பொருக்கு. ஏரி வற்றினால் மண் பொருக்கு விடும். மரத்தின் மேல்பட்டைச் செதிளுக்கும் அதே பெயர்தான். நனைந்தால் அது பாசி. ஆகவே நான் முன்வைப்பது

பொருக்குப்பாசி.

காய்ந்தால் பொருக்கு, நனைந்தால் பாசி. உள்ளே இரண்டு பேரா மூன்று பேரா என்று இந்தச் சொல் கணக்குச் சொல்லவில்லை, அதனால் நாளைக்கு நாலாவது ஆள் வந்தாலும் பெயர் தப்பித்துக்கொள்ளும்.

"பாசி" ஆல்காவுக்கு ஒதுக்கிய சொல்லாயிற்றே என்று ராயபுரம் ஐயா கேட்பார். அது பாடப்புத்தகம் சமீபத்தில் போட்ட வேலி, ஐயா. பசுமையிலிருந்து வந்தது பாசி. கேணியில் வழுக்குவதும் பாசி, மதில்மேல் மெத்தென்று முளைப்பதும் பாசி, ஊசி பாசி விற்பவர் கழுத்தில் தொங்கவிடுவதும் பாசி, பருப்பிலும் பாசி. இவ்வளவு பேருக்கு இடம் கொடுத்த சொல் இன்னொருவருக்கும் கொடுக்கும்.

வகைகளுக்கு வருகிறேன், வேகமாக. பட்டையோடு பட்டையாகப் பூசினாற்போல ஒட்டியிருப்பது பூச்சுவகை (தென்னைத் தேமல் இது). இலை மாதிரி விரிவது மடல்வகை (கல்பாசி). ஊட்டி, கொடைக்கானல் சோலைகளில் கிளைக்குக் கிளை நரைத்த தாடி மாதிரித் தொங்கும் அஸ்னியா போன்றவை தாடிவகை. நிமிர்ந்து நிற்பவையும் இதில் உண்டு, ஆனாலும் புதர்வகை என்பதைவிட எனக்குத் தாடி பிடித்திருக்கிறது. இருப்பிடத்துக்குப் புதுச்சொல்லே வேண்டாம்: பாறைப் பொருக்குப்பாசி, தரைப் பொருக்குப்பாசி, பட்டை உரிந்த கட்டையில் வாழ்வது கட்டைப் பொருக்குப்பாசி. பட்டைக்கு மட்டும் "மரப்பட்டை" என்று முழுசாக எழுதுங்கள். வெறும் பட்டை என்றால் சமையலறையில் கிராம்போடு சேர்ந்துவிடும். நம் பேட்டையில் பழைய ஆட்களுக்கு அது வேறொரு பானத்தையும் நினைவுபடுத்தும்.

இனி டீச்சருக்கு ஒரு வேண்டுகோள். பலகையில் மலைக்காட்டோடு நிறுத்தாதீர்கள், நம் பக்கத்துக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். 1866-இல் பாரீசில் வில்லியம் நைலாண்டர் என்ற லைக்கன் ஆய்வாளர் ஒரு விஷயம் கவனித்தார்: லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் இவை நன்றாக இருக்கின்றன, நகரத்தின் மற்ற இடங்களில் இல்லை. காற்றின் சுத்தத்தை அளக்க இதுவே கருவி என்றார். (ஷ்வெண்டனர் மேல் பாய்ந்தவர்களில் இதே நைலாண்டரும் ஒருவர். ஒன்றில் ஜெயித்தார், ஒன்றில் தோற்றார்.) வடிகட்ட மெழுகுத்தோல் இல்லாததால் காற்றிலும் மழையிலும் உள்ள எல்லாமே நேராக உள்ளே போகிறது, நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடு உள்ளே இருக்கும் பாசியின் உணவுத் தயாரிப்பைக் கெடுத்துவிடும். 1970-இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்து, வேல்ஸ் மரத்தண்டுகளில் எந்தெந்த இனம் இருக்கிறது என்று பார்த்தே கந்தக அளவைப் பத்துப் படியாக ஊகிக்கும் அளவுகோல் ஒன்றைக் கொடுத்தார்கள்.

ஆலைகள் நிறைந்த எண்ணூரும் மணலியும் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான பாடம் எது? போன வாரம் வேலைக்குப் போகிற வழியில் வேண்டுமென்றே மரம் மரமாக நின்று பார்த்தேன். கன்டெய்னர் லாரி வரிசை கட்டும் சாலையில் தூங்குமூஞ்சி மரத் தண்டுகளில் கரியும் தூசியும்தான். பொருக்குப்பாசி என்று சொல்ல ஒரு புள்ளி தேறவில்லை. நாலு தெரு உள்ளே வந்தால் என் தென்னையில் வட்டம் வட்டமாக இருக்கிறது. ஒரு நாள் பார்வையை ஆய்வு என்று சொல்ல மாட்டேன், வெப்பமும் வறட்சியும் பட்டையின் தன்மையும் கூடக் காரணமாக இருக்கும். கல்பாசி இங்கே வராததற்கு முதல் காரணம் குளிர்ச்சி இல்லாததுதான், புகை அப்புறம். ஆனால் பிள்ளைகள் ஆளுக்கொரு மரம் எடுத்து எண்ணிக்கொண்டு வரலாமே.

இன்னொன்றும் சொல்லுங்கள்: ஆய்வகத்தில் லிட்மஸ் தாளைத் தொட்ட ஒவ்வொரு பிள்ளையும் பொருக்குப்பாசியைத் தொட்டதாகத்தான் கணக்கு. ரொசெல்லா முதலான கடற்கரை இனங்களிலிருந்து எடுத்த சாயம் அது. ரொசெல்லா நம் கிழக்குக் கரையிலேயே மரங்களில் வளர்கிறது.

எதிர்ப்பு உள்ளவர்கள் வியாழனுக்குள் எழுதவும்.

தண்டையார்பேட்டை

———

அனுப்புநர்: பெரம்பூர்

அண்ணே, மடல் சூப்பர். ஆனால் ஒரே ஒரு சிக்கல். இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தீர்களா? "பொருக்கு" என்று எழுதுவீர்கள், நம்ம ஏரியாவில் காதில் விழுவது "பொறுக்கு". லைக்கனுக்கு "லைக் போடுறதா" என்று கேட்ட அதே பையன், இதைக் கேட்டால் பக்கத்து பெஞ்சைப் பார்த்து "டேய் பொறுக்கி" என்பான். லைக்கனே இருக்கட்டும் என்று நான் சொன்னது சோம்பேறித்தனத்தால் இல்லை அண்ணே. பிளஸ் டூ முடித்து மேலே படிக்கப் போகிறவனுக்குத் தேடும்போது கிடைக்கிற சொல் அதுதான்.

———

அனுப்புநர்: ராயபுரம்

தண்டையார்பேட்டைத் தம்பிக்கு, கோபம் ஒன்றும் இல்லை. "ஆள் கணக்கைப் பெயரில் திணிக்காதே" என்ற வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன், பூஞ்சை, பாசி இரண்டையும் ஒரே சொல்லில் பார்த்தால் பிள்ளைகளுக்கு மதிப்பெண் கேள்வி சுலபம் என்றுதான் யோசித்தேன்.

ஒரு திருத்தம் மட்டும். "பூச்சுவகை" என்பதைத்தான் பொருக்குவகை என்று வைக்க வேண்டும். பட்டையில் பொருக்கு மாதிரியே இருப்பது அதுதானே? பொருக்கு என்பதை மொத்தக் கூட்டத்துக்கும் செலவழித்துவிட்டு, உண்மையான பொருக்குக்குப் பூச்சு என்று பெயர் வைக்கிறாய். தாடி மாதிரித் தொங்குவதைப் பொருக்கு என்றால் மலைவாசி சிரிப்பான்.

———

அனுப்புநர்: வியாசர்பாடி

தம்பி, பசலையை விட்டுக்கொடுக்க மனசே இல்லை. ஆனால் "தொட்டால் விலகாது" என்று பிடித்தாய் பார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. பரணரே வந்தாலும் இழுத்துப் பார்த்துவிட்டு உன் பக்கம் போய்விடுவார்.

ராயபுரம் ஐயா சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. தாடியைப் பொருக்கு என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் அந்தத் தாடியைக் காய்ந்த நாளில் கையில் எடுத்தால் பொடிப்பொடியாகத்தான் உதிரும், கொடைக்கானலில் பொறுக்கிப் பார்த்திருக்கிறேன். (பார், நானே பொறுக்கிவிட்டேன். கீழே விழுந்து கிடந்ததைத்தான், மரத்தில் பிய்க்கவில்லை. இது வளர்கிற வேகத்துக்குப் பிய்த்தால் தாங்காது.)

———

அனுப்புநர்: தண்டையார்பேட்டை

ஐயா சொன்னதில் பாதிக்குத் தலைவணங்குகிறேன். தாடி எனக்கும் உறுத்தத்தான் செய்தது, அதனால்தான் அந்த இடத்தில் வேகமாகப் போனேன், நீங்கள் பிடித்துவிட்டீர்கள். ஆனால் எந்தப் பொதுப்பெயரும் எல்லா உறுப்பினருக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டையாக இருப்பதில்லை. முருங்கைக்கீரை மரத்தில் துளிர்க்கிறது, தண்டுக்கீரை தரையில் முளைக்கிறது, இரண்டையும் கீரை என்கிறோம். தாடி காய்ந்து நொறுங்குகிறது என்று அக்காவே சாட்சி சொல்லிவிட்டார், எனக்கு அது போதும். பூச்சு என்ற சொல்லையும் விடமாட்டேன்: அந்த வகையைப் பட்டையிலிருந்து உரிக்கவே முடியாது, சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி பட்டையோடு சேர்த்துத்தான் செதுக்க வேண்டும். உரிக்க வருவது பொருக்கு, வராதது பூச்சு.

பெரம்பூர் தம்பி, பொறுக்கி விஷயத்தில் உன் காது சரி. எனக்குச் சமாதானம் ஒன்றுதான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறேன். சின்ன ர, பெரிய ற குழப்பத்தில் என் சிவப்பு மை தீர்ந்தது போல வேறெதிலும் தீரவில்லை. ஒரு வகுப்பு முழுக்க இந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சிரித்து, எந்த ர என்று சண்டை போட்டால், அதில் பத்துப் பேருக்காவது எழுத்து நிற்கும். தேடலுக்காக லைக்கனையும் வைப்போம், பலகையில் ஒருமுறை, சின்ன எழுத்தில். பெரிய எழுத்தில் நம் சொல் இருக்கட்டும், சம்மதமா?

———

அனுப்புநர்: பெரம்பூர்

சின்ன எழுத்து என்றால் எத்தனை சின்ன எழுத்து அண்ணே? படிக்கிற மாதிரி இருந்தால் சம்மதம்.

———

அனுப்புநர்: மணலி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று வகுப்பில் சொன்னேன். பெரம்பூர் தம்பி சொன்னதுதான் நடந்தது, ஐந்து நிமிடம் யாரையும் அடக்க முடியவில்லை. அப்புறம் கல்பாசியைத் தண்ணீரில் போட்டுக் காட்டினேன். சத்தம் தானாக நின்றுவிட்டது. "லைக் போடுறதா" என்று கேட்டானே, அவன்தான் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. "டீச்சர், இது தூங்குதா செத்துப்போச்சா?" என்று கேட்டான். கடையில் வாங்கியதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் முழித்தேன்.

மரம் பார்க்கும் வேலையையும் கொடுத்தாயிற்று. முப்பத்தெட்டுப் பேர், ஆளுக்கொரு மரம். இரண்டு பேர் வீட்டுப் பக்கம் மரமே இல்லை என்றார்கள். அவர்களுக்குப் பள்ளி வேப்பமரத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தேன்.

பெயின்டர் ஒரு நாள் முன்னாலேயே வந்து தலைப்பை எழுதிவிட்டுப் போய்விட்டார். அழகான எழுத்து. படம் இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

———

அனுப்புநர்: தண்டையார்பேட்டை

பார்த்தேன் டீச்சர். "பொறுக்குப்பாசி" என்று பெரிய ற போட்டிருக்கிறார், அதுவும் சிவப்பு பெயின்டில். அதைத் தொடவேண்டாம் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை காலை எனக்கு அச்சகம் பதினோரு மணிக்குத்தான், வெள்ளை பெயின்ட்டும் சின்ன பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு ஒன்பதுக்கு வந்துவிடுகிறேன். வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள்.